“எப்பலேர்ந்து இப்படி இருக்கார்?”

அந்த ஒரு காலைப்பொழுதில் நாலு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் மூன்று பேருக்கு நான் சொன்ன பதில் தப்பு. பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பதிலால், பக்கவாதம் வந்த அப்பாவுக்குப் போட்டிருக்க வேண்டிய ஓர் ஊசி போடப்படாமலே போனது. போட்டிருந்தால் முழுசாகச் சரியாகியிருப்பார் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். அதை நானும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அவர் சட்டைப் பொத்தானோடு இடது கையால் மல்லுக்கட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நரம்பு மண்டலம் பாடம் வருஷா வருஷம் நடத்துகிறேன். மூளையின் படத்தைப் போர்டில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இதைச் சொல்வது பெருமைக்கில்லை. படிப்பு வேறு, அந்த நேரத்துப் பதற்றம் வேறு என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் மதுரையிலிருந்து ரெண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அம்மா இல்லை. தம்பி கத்தாரில். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவார். வீட்டில் நான், ஏழாவது படிக்கும் மகள், 67 வயது அப்பா. நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, போன வருஷம் ஆவணி மாசம்.

காலை 6.40-க்கு அப்பாவுக்குக் காபி கொண்டுபோனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “எந்திரிங்கப்பா, காபி”ன்னு சொன்னேன். என்னைப் பார்த்தார், பதில் இல்லை. டம்ளரை நீட்டினேன். வலது கை எழும்பவில்லை. இடது கையால் வாங்கி ஒரு வாய் குடித்தார். குடித்த காபி வலது கடைவாய் வழியாக வழிந்து பனியனில் இறங்கியது. அப்புறம் பயங்கரமான இருமல். அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வாய் இடது பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொல்ல வருகிறார், “அ... அ...” என்பதற்கு மேல் வரவில்லை. எனக்குக் கால் உதறத் தொடங்கியது.

இங்கேயே ஒரு விஷயம். அந்தக் காபியைக் கொடுத்திருக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையும் சேர்ந்து செயலிழந்திருக்கலாம். குடிப்பது நுரையீரலுக்குள் போய்விடும். அப்பாவுக்கு மூன்றாம் நாள் வந்த காய்ச்சலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் அந்த ஒரு வாய் காபியும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். தண்ணீர், காபி, மாத்திரை, சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் விழுங்கிப் பார்க்கச் சொல்லிச் சோதித்த பிறகுதான் வாயில் எதுவும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மதினி ஓடிவந்தார். “வாதம்டி இது, ஊசி எடு, பத்து விரல் நுனியிலயும் குத்தி ரத்தம் எடுத்தா சரியாயிரும், வாட்ஸ்அப்புல வந்துச்சு”ன்னு சொன்னார். நல்லவர்தான், பதற்றத்தில் சொன்னார். இன்னொரு பெரியவர் வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னார். புறா ரத்தம் தேய்த்தால் கை கால் வந்துவிடும் என்று பின்னாளில் மூன்று பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் பட்டதாரி. நான் குத்தவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சிலும் தம்பிக்கு நாலு தடவை போன் போட்டதிலும் 25 நிமிஷம் போனது. தம்பி போன் ஸ்விட்ச்டு ஆஃப். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கியிருக்கிறான்.

108-க்குப் போன் பண்ணவே தோன்றவில்லை. அது ரோட்டில் அடிபட்டவர்களுக்கும் பிரசவத்துக்கும்தான் என்று மனசில் ஒரு நினைப்பு. 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற, காசே கேட்காத வண்டி. அதில் வருகிறவர்கள் சர்க்கரை பார்ப்பார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், போகிற வழியிலேயே தகவல் கொடுத்துவிட முடியும். நான் எதிர் வீட்டு அண்ணனின் காரில் அப்பாவைத் தூக்கிப் போட்டு, எங்களுக்குப் பழக்கமான கிளினிக்குக்குப் போனேன். அது 7.30-க்குத்தான் திறக்கும். வாசலில் நின்றோம்.

டாக்டர் வந்தார், பார்த்தார், பி.பி. எடுத்தார். 190-க்கு 110. “எப்பலேர்ந்து இப்படி இருக்கார்?” என்றார். “காலைல எந்திரிக்கும்போதே இப்படித்தான் இருக்கார் சார்” என்றேன். இதுதான் முதல் தடவை. அவர் பி.பி.யைக் குறைக்க நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். “ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, ஸ்கேன் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். 350 ரூபாய்.

அந்த மாத்திரையைப் பற்றி மதுரை டாக்டர் பிறகு சொன்னதைக் கேட்டு ஆடிப்போனேன். மூளைக்குப் போகிற குழாய் அடைபட்டிருக்கும்போது, அடைப்பைத் தாண்டி எப்படியாவது ரத்தத்தைத் தள்ள உடம்பே பி.பி.யை ஏற்றுமாம். அதைச் சட்டென்று இறக்கினால், உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற மூளைப் பகுதிக்குக் கிடைக்கிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்க்க ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2024-ல் சீனாவில் ஆம்புலன்ஸிலேயே பி.பி.யைக் குறைத்துப் பார்த்த இன்டராக்ட்-4 என்ற பெரிய ஆய்வு வெளியானது. ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கு அது நன்மை செய்தது, அடைப்பு இருந்தவர்களுக்குக் கெடுதல் செய்தது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று கழிந்துவிட்டது. ஆக வீட்டில் இருக்கிற பி.பி. மாத்திரையையோ, நெஞ்சுவலிக்கு வைத்திருக்கிற மாத்திரையையோ, ஆஸ்பிரினையோ நாமாகக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாரடைப்புக்கு வேறு கதை. ஸ்ட்ரோக்கில் அது ரத்தக்கசிவாக இருந்தால் எரிகிற தீயில் எண்ணெய்.

கிளினிக்கிலிருந்து நேராகப் போனேனா? இல்லை. பணம் எடுக்க வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் மாற்று வேட்டி, போர்வை, பிளாஸ்க், மகளைப் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு. பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி மூடியைத் திருகினேன், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா காரின் பின் ஸீட்டில் படுத்திருக்கிறார், நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் எடுத்தேன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மட்டும் பீரோவிலேயே இருந்தது. அந்த அட்டைக்கு இதெல்லாம் கிடைத்திருக்குமா என்பது அப்புறம். கேட்டுப் பார்க்கக்கூட கையில் இல்லை.

பக்கத்து டவுன் தனியார் ஆஸ்பத்திரிக்கு 8.50-க்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே சி.டி. மெஷின் இருந்தது. கவுன்டரில் 10,000 அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள், ஜி.பே. சுற்றிக்கொண்டே இருந்தது, மறுபடி போட்டேன். 9.15-க்கு ஸ்கேன். 9.25-க்கு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “கசிவு இல்ல, அடைப்புதான்” என்றார். கேஷுவால்டி நர்ஸ் ஏற்கெனவே கேட்டு எழுதியிருந்ததை அவர் மறுபடி கேட்டார். “எப்பலேர்ந்து?” “எந்திரிக்கும்போதே சார்.” “ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார்?” “பத்து மணி இருக்கும்.” அவர் பேனாவை வைத்துவிட்டார். “அப்ப பத்து மணிலேர்ந்துதான் கணக்கு வைக்கணும்மா. பதினொரு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. அடைச்சிருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். இப்ப போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சிரும், நான் ரிஸ்க் எடுக்க முடியாது. மதுரைக்குக் கொண்டுபோங்க.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பாதி பொய். ஆனால் என் பதிலை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த ஊசியை முதன்முதலாக உறுதியாக நிரூபித்தது 1995-ல் அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்த ஆய்வு. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருக்கிற வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. அதே ஆய்வில் மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானவர்கள், ஊசி போடாதவர்களில் 0.6 சதவீதம், போட்டவர்களில் 6.4 சதவீதம். நேரம் தாண்டத் தாண்ட நன்மை சுருங்கும், இந்த ஆபத்து மட்டும் அப்படியே நிற்கும். 2008-ல் ஐரோப்பாவில் நடந்த இன்னொரு ஆய்வுதான் மூன்று மணியை நாலரை மணியாக நீட்டியது. இந்த ஒன்றரை மணி நேரத்தை வாங்க 13 வருஷம் ஆகியிருக்கிறது. நான் அதைப் பிளாஸ்க்குக்கும் ஜி.பே.வுக்கும் செலவு செய்துவிட்டேன்.

9,500 ரூபாய்க்குத் தனியார் ஆம்புலன்ஸ் பேசி, 10.20-க்குக் கிளம்பி, 11.50-க்கு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அப்பாவின் இடது கை என் புடவை முந்தானையைப் பிடித்திருந்தது. கேஷுவால்டியில் ஓர் இளம் டாக்டர், மகள் வயசு என்று சொல்ல மாட்டேன், தங்கை வயசு. அவர் கேட்ட விதமே வேறு. “எப்பலேர்ந்து” என்று கேட்கவில்லை. “கடைசியா எத்தனை மணிக்கு இவர் நல்லா இருந்ததை யாராவது பாத்தீங்களா, இல்ல பேசினதைக் கேட்டீங்களா?” என்றார். நான் வழக்கம்போல “எந்திரிக்கும்போதே...” என்று தொடங்கினேன். “இல்லக்கா, நீங்க பாக்கறதுக்கு முன்னாடி. நடுராத்திரி பாத்ரூம் போனாரா? யார்கிட்டயாவது பேசினாரா? மோட்டார், லைட், கேட், ஏதாவது?”

மோட்டார்.

அப்பா தினமும் அஞ்சே காலுக்கு எழுந்து மோட்டார் போடுவார். அன்றைக்கும் அரைத் தூக்கத்தில் மோட்டார் சத்தம் கேட்டேன். தொட்டி நிறைந்து மோட்டாரை அணைத்ததும் கேட்டது. ஆள் நடந்து போய் சுவிட்ச் போட்டு, திரும்ப வந்து அணைத்திருக்கிறார். எந்திரிக்கும்போதே நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அப்பாவின் போனைத் திறந்து பார்த்தேன். 5.22-க்குப் பால்காரருக்கு ஒரு கால் போயிருந்தது, 36 விநாடி. டாக்டர் அங்கேயே அந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டார். “நல்லாத்தானே பேசுனார், நாளைக்கு ரெண்டு லிட்டர் வேணும்னார்” என்றார் பால்காரர்.

5.22-லிருந்து நாலரை மணி நேரம் என்றால் 9.52. டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துக் கசிவு இல்லை என்று டாக்டர் சொன்னபோது மணி 9.25. இருபத்தேழு நிமிஷம் மிச்சம் இருந்தது. அந்தப் போன் அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது. தம்பிக்கு அதிலிருந்தும் அடித்துப் பார்த்தேனே, அப்போது இந்த 5.22 கண்ணுக்கு எதிரே இருந்திருக்கும்.

இதை இன்னும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம் பேச்சில் “எப்பலேர்ந்து” என்று கேட்டால், நாம் எப்போது பார்த்தோமோ அதைத்தான் சொல்வோம். டாக்டருக்கு வேண்டியது அது இல்லை. கடைசியாக நல்லபடியாக இருந்த நேரம். கேட்கிறவர் சரியாகக் கேட்காவிட்டாலும் நாமே அதைச் சொல்ல வேண்டும். போன் கால் பட்டியல், வாட்ஸ்அப்பில் கடைசியாக எழுதிய நேரம், டீக்கடைக்காரர், பேப்பர் போடுகிற பையன், தெருவில் யார் வீட்டு சி.சி.டி.வி., கோயில் ஐயர், எதை வேண்டுமானாலும் வைத்து அந்த நேரத்தைப் பிடியுங்கள். பிடித்ததை ஒரு பேப்பரில், பேப்பர் இல்லாவிட்டால் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். தூக்கத்தில் வந்ததா, விழித்த பிறகு வந்ததா என்று உண்மையிலேயே தெரியாதவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. 2018-ல் ஐரோப்பாவில் வேக்-அப் என்று ஓர் ஆய்வு வந்தது. எம்.ஆர்.ஐ.யில் ரெண்டு வகைப் படத்தை ஒப்பிட்டு, ஒன்றில் பாதிப்பு தெரிந்து மற்றதில் இன்னும் தெரியவில்லை என்றால் நேரம் அதிகம் ஆகவில்லை என்று கண்டுபிடித்து ஊசி போடுகிறார்கள். ஆனால் அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். உள்ளங்கையில் எழுத பேனா போதும்.

மதுரையில் உடனே, குழாய் படத்தில் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தி ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பியல் டாக்டர் வெளியே வந்து, என் கையில் இருந்த பழைய சீட்டையே திருப்பிப் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். ஒரு பெரிய கிளை, அதில் ஒரு குறுக்குக் கோடு. “இடது பக்க மெயின் குழாய் அடைச்சிருக்கு. இந்த நடுப்பகுதி செத்துப்போச்சு, அது திரும்பாது. சுத்தி இருக்கிற இந்தப் பெரிய பகுதி பட்டினி கிடக்கு, இன்னும் சாகல. தொடைல இருக்கிற ரத்தக்குழாய் வழியா கம்பி விட்டு கட்டியை இழுத்து எடுக்கலாம். மூளையில ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். பண்ணலாமா வேணாமான்னு சீக்கிரம் சொல்லுங்கம்மா.” செலவு அஞ்சு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, “நேரம்தான் தாண்டிருச்சே சார்?”

ஊசிக்குத்தான் நாலரை மணி என்றார். கட்டியை இழுத்து எடுக்கிற இந்த முறை 2015-க்கு முன்னால் நிரூபிக்கப்படாத ஒன்று. அந்த வருஷம் நெதர்லாந்தில் 500 பேரிடம் செய்த ஆய்வு வெளியாகி, ஆறு மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு என்று காட்டியது. அதை அடுத்து இன்னும் சில நாடுகளில் நடந்தவையும் அதையே சொன்னன. 2018-ல் டான் என்று ஓர் ஆய்வு. ஆறு மணியிலிருந்து 24 மணி நேரம் வரை ஆனவர்களில், ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சம் இருக்கிறவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், செய்தவர்களில் 49 சதவீதம், செய்யாதவர்களில் 13 சதவீதம். அப்பாவுக்கு அப்போது ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே நிலைமை 2014-ல் வந்திருந்தால் “ஒண்ணும் பண்றதுக்கில்ல” என்று வார்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த நிமிஷத்தில் என் காதில் விழுந்தது “24 மணி நேரம் வரை” என்பது மட்டும்தான்.

கையெழுத்துப் போட யாரும் கூட இல்லை. வீட்டுக்காரர் பஸ்ஸில் தாராபுரம் தாண்டிக்கொண்டிருந்தார். போனில் “நீயே முடிவெடு” என்றார். அன்றைக்கு எனக்கு அது கைகழுவுகிற பேச்சாகப் பட்டது. வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. 12.30-க்குக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன் என்று பிறகு நர்ஸ் காட்டினார். 12.55-க்குத் தொடங்கி 1.40-க்கு முடிந்துவிட்டது. ரெண்டாம் முயற்சியில் கட்டி வந்தது. வெள்ளைப் பஞ்சுத் துணியில் வைத்துப் போட்டோ எடுத்திருந்தார்கள். ஒரு புழுங்கல் அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், கருஞ்சிவப்பு. அவ்வளவுதான். ஒரு நிமிஷ அடைப்பில் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் டாக்டர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு ராத்திரி கால்குலேட்டரை எடுத்தேன், பெருக்காமலே வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அப்பா வலது காலை மடக்கினார். கை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. பேச்சு பத்து நாள் கழித்துத்தான் வந்தது, வந்ததும் எல்லாவற்றுக்கும் “சைக்கிள்” என்றார். தண்ணீருக்கும் சைக்கிள், ஃபேன் போடவும் சைக்கிள். அவருக்குப் புரிகிறது, சொல் மட்டும் மாறி வருகிறது. சிரிப்பும் வரும், பாத்ரூமில் போய் அழுகையும் வரும்.

காரணம் ஈ.சி.ஜி.யில் தெரிந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்திருக்கிறது. அப்படித் துடிக்கும்போது இதயத்துக்குள்ளேயே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அங்கிருந்து மூளைக்குப் போய்விடுமாம். சித்திரை மாசத்திலேயே அப்பா ரெண்டு தடவை “நெஞ்சு படபடங்குது”ன்னு சொன்னார். வெயிலுக்கு இருக்கும் என்று மோர் கொடுத்தேன். அன்றைக்கு 300 ரூபாய்க்கு ஓர் ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் தெரிந்திருக்கலாம். வந்து வந்து போகிற கோளாறு என்பதால் தெரியாமலும் போயிருக்கலாம். வயசானவர்கள் படபடப்பு என்றால் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். தாளம் தப்பித் தப்பி அடித்தால் அது மோருக்குக் கேட்கிற விஷயம் இல்லை.

பணக் கணக்கு. மதுரையில் 11 நாள், மொத்தம் 5,83,000 ரூபாய். அதில் அந்தக் கம்பிக் கருவிகளுக்கு மட்டுமே பாதிக்குப் பக்கம். 14 பவுன் அடகில் இருக்கிறது, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன், தம்பி ரெண்டு லட்சம் அனுப்பினான். நாலு மாசம் சம்பளம் இல்லாத லீவு. வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு நாளைக்கு 500. இந்தக் கடைசிச் செலவை மிச்சம் பிடிக்கலாம், பயிற்சியை நானே கொடுத்துவிடலாம் என்று ஒரு மாசம் முயன்றேன். வீட்டு ஆட்களுக்கே பயிற்சி கொடுக்கச் சொல்லித் தந்தால் போதுமா என்று இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். லூதியானா சி.எம்.சி.யின் டாக்டர் ஜெயராஜ் துரைப் பாண்டியன் முன்னின்று நடத்திய அட்டெண்ட் ஆய்வு அது, 2017-ல் வந்தது. வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் இல்லை என்றுதான் முடிவு. இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. என்னால் முடியாமல் போனதற்கு என் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லையே. பிசியோதெரபிஸ்டைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியாமல் இருந்தது. கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடுகிறார்கள். விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து டேய் (TAEI) என்று ஓர் அவசர சிகிச்சைத் திட்டமே தமிழக அரசிடம் இருக்கிறது. ‘கவர்மெண்டு ஆஸ்பத்திரியா’ என்று மனசுக்குள் ஓடிய ஒரு முகச்சுளிப்பில் அந்தத் திசையையே யோசிக்கவில்லை. இப்போது வருகிற டெனெக்டெப்ளேஸ் என்ற மருந்து இன்னும் சுலபம். பழைய மருந்தை ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏற்ற வேண்டும், இதை ஒரே தடவையில் நரம்பில் செலுத்திவிடலாம். கனடாவில் நடந்த ஆய்வில் பழையதற்கு இது சளைத்ததில்லை என்று 2022-ல் காட்டினார்கள். ஜெர்மனியில் 2008-லேயே சி.டி. மெஷினை ஆம்புலன்ஸுக்குள் வைத்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அது எப்போது என்று தெரியாது, அதுவரைக்கும் நாம்தான் சி.டி.யைத் தேடிப் போக வேண்டும். ஆகவே இன்றைக்கே, யாருக்கும் ஒன்றும் இல்லாதபோதே, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ராத்திரியிலும் சி.டி. எடுக்கிற இடம் எது, அங்கே ஸ்ட்ரோக் ஊசி போடுவார்களா, கட்டியை இழுத்து எடுக்கிற வசதி எந்த ஊரில் இருக்கிறது என்று மூன்று போன் போட்டுக் கேட்டு வைத்துவிடுங்கள். கேட்டால் சொல்கிறார்கள். நான் இப்போது கேட்டு எழுதி, காப்பீட்டு அட்டையோடு சேர்த்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன்.

போன மாசம் ராத்திரி பதினொன்றரைக்கு எதிர் வீட்டு அண்ணன் கதவைத் தட்டினார். அவர் அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது, ஒரு பக்கம் சாய்கிறார். போனேன். சிரிக்கச் சொன்னேன், ரெண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன், ஒரு கை இறங்கியது. “கடைசியா எப்பண்ணே நல்லா பேசுனாங்க?” “சீரியல் முடிஞ்சு, ஒன்பதரைக்கு எங்கிட்ட பேசிட்டுத்தான் படுக்கப் போச்சு.” அவர் உள்ளங்கையில் 9.30 என்று எழுதிவிட்டு 108-ஐக் கூப்பிட்டேன். வண்டியில் வந்த பெண் முதல் வேலையாக விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 41. சர்க்கரை ரொம்ப இறங்கிப்போனதில்தான் பக்கவாதம் மாதிரி தெரிந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டிப்போய் ஸ்கேனும் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம் அந்தம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “வீணா அலைய வச்சுட்டம்மா உன்னய”ன்னு அண்ணன் என்னிடம் வருத்தப்பட்டார். உள்ளங்கையில் 9.30 இன்னும் லேசாகத் தெரிந்தது.